நாணயமே முதல்

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் இருபுறமும் காவல் செய்ய, இடையே தென்னஞ்சோலையும் வெண்மணலுமாய் நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலே, எருவில்பற்றின் பழம்பதிகளுள் ஒன்றாக விளங்குவது செட்டிபாளையம் ஆகும். கண்ணகை அம்மன் எழுந்தருளிய ஊர்களை வரிசைப்படுத்திச் சொல்லும் பழைய காவியப் பாடலிலும் இவ்வூரின் பெயர் இடம்பெற்றிருக்கின்றது. வைகாசித் திங்களிலே திருக்கதவு திறந்து, வழக்குரை பாடி, திருக்குளிர்ச்சியுடன் நிறைவெய்தும் சடங்கு நாட்களிலே அன்னையின் சந்நிதியில் கண்ணீர் மல்க நிற்காத அடியவர் இவ்வூரிலே இல்லை எனலாம்.

இவ்வூரின் பெயரில் உள்ள ‘செட்டி’ என்னும் சொல் தமிழிலே வணிகரைக் குறிப்பது. இங்கு கோயில் கொண்ட அன்னையும் வணிகர் வீட்டிலே பிறந்து, வணிகர் வீட்டிலே வாழ்க்கைப்பட்டவள். ஊரின் பெயரிலும் வணிகம், ஊர்த் தெய்வத்தின் வரலாற்றிலும் வணிகம் என்றால், வியாபாரம் என்பது அடிப்படையிலே என்ன என்னும் கேள்வியை இவ்வூர்ச் சைவ மக்கள் ஒருமுறையாவது நின்று நிதானித்துக் கேட்டுப் பார்த்தல் பொருத்தமுடையதேயாகும்.

“கோயிலுக்குப் போனால் சாமி, கடைக்கு வந்தால் வியாபாரம், இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது” என்று சொல்வோர் உளர். “பொய் சொல்லாமல் வியாபாரம் செய்ய முடியுமா?” என்று கேட்போர் அதனிலும் அதிகம். மலிவாக வாங்கி விலை கூட்டி விற்பதே வியாபாரம் என்பது பலருடைய எண்ணம். இந்த எண்ணங்கள் சரிதானா என்பதை அன்னையின் சரிதத்தைக் கொண்டும், நாயன்மார் வரலாற்றைக் கொண்டும், இக்கரை மக்கள் கண்டு அனுபவித்த காரியங்களைக் கொண்டும் ஆராய்வோமாக.

இரு கரையும் இலாபமும்

எழுவான்கரையில் இருப்பது கடல் மீனும் தேங்காயும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் விளைவது நெல். அங்கே மாடு உண்டு, தயிர் உண்டு. கடற்கரையிலே மீன் குவிந்து கிடக்கும் நாளில் அதற்குக் கரையில் மதிப்பில்லை. அதே மீன், வயலிலே வேலை முடித்து வந்த படுவான்கரைக் குடும்பத்துக்குப் பெரும் பொருள். அறுவடைக் காலத்திலே படுவான்கரையில் நெல் மலையாய்க் கிடக்கும். கரைவலை இழுப்பவர் வீட்டிலே அரிசிப் பானை வெறுமையாய் இருக்கும். இந்த இருவருக்கும் இடையே தோணியிலே பொருளை ஏற்றி, வெயிலிலும் காற்றிலும் வாவியைக் கடந்து, அழுகுவதையும் நனைவதையும் தன் நட்டமாகத் தாங்கி, இல்லாத இடத்துக்கு உள்ள பொருளைக் கொண்டு சேர்த்தவனே வியாபாரி. பட்டிருப்புப் பாலத்தால் லொறி ஓடும் இக்காலத்திலும் காரியம் அதுவேதான்.

இதிலே மீன்காரரும் இழக்கவில்லை, கமக்காரரும் இழக்கவில்லை. இருவரும் முன்பிருந்ததைவிட நன்றாக வீடு திரும்புகின்றனர். நடுவிலே நின்றவன் பெறுவது அவனுடைய உழைப்புக்கும், அலைச்சலுக்கும், அவன் ஏற்றுக்கொண்ட நட்டப் பயத்துக்கும் உரிய கூலி. இதனாலேதான் பழந்தமிழிலே இலாபத்துக்கு ‘ஊதியம்’ என்று பெயர். இன்று அதே சொல்லைச் சம்பளத்துக்கு வழங்குகிறோம். கந்தோரிலே வேலை செய்தவர் மாத முடிவிலே வாங்குவதும் ஊதியம். கடைக்காரர் மாலையிலே எண்ணிப் பார்ப்பதும் ஊதியம். இரண்டும் பிறருக்குச் செய்த பணிக்குக் கிடைத்த பயன்களே.

நெல்லை அளக்கும்போது முதலாவது மரக்காலை ‘ஒன்று’ எனச் சொல்லாமல் ‘இலாபம்’ என்று சொல்லித் தொடங்கும் வழக்கம் தமிழ் மக்களிடையே உண்டு. இலாபம் பாவமான சொல்லாக இருந்திருப்பின் அதனை வாயிலே வைத்து மங்கலமாகத் தொடங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே இலாபத்தைப் பற்றிச் சைவம் வெட்கப்படவில்லை. திருவிளையாடற் புராணத்திலே சொக்கநாதப் பெருமான் மாணிக்கம் விற்றார், வளையல் விற்றார், விறகும் விற்றார் என்று பரஞ்சோதி முனிவர் தனித்தனிப் படலங்களாகப் பாடி வைத்திருக்கின்றார். இறைவனே தலையிலே சுமந்து விற்ற பின் விற்பனை எப்படி இழிதொழிலாகும்? இழிவு வருவது தொழிலால் அன்று. அதைச் செய்யும் விதத்தால்.

ஒரு சிலம்பின் கதை

வழக்குரையை வருடந்தோறும் கேட்கும் அடியவர்களுக்குக் கதை தெரியும். பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் இக்காவியத்தைப் பதிப்பித்து 1968ஆம் ஆண்டிலே நூலாக வெளிவரச் செய்ததால் ஏட்டிலே இருந்தது எல்லோருடைய கைக்கும் வந்தது. கண்ணகியின் சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கப்பலோட்டி வந்ததைக் கடலோட்டு காதையிலே கேட்கிறோம். கண்ணகியின் தந்தை மாநாய்க்கன் கடல் வணிகர் தலைவன். கோவலனின் தந்தை மாசாத்துவான் தரைவழியே வணிகக் கூட்டத்தை நடத்திச் சென்றவன். இருவரும் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருஞ்செல்வர்கள்.

அப்பட்டினத்து வணிகர் எப்படிப்பட்டவர் என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலே சொல்லியிருக்கின்றார். அவர்கள் வாங்கும்போது அளவுக்கு மேலே வாங்கமாட்டார்கள். கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். விலையை மறைக்காமல் வெளிப்படையாகச் சொல்லி விற்பார்கள் என்பது அவர் தரும் செய்தியின் சாரம். கப்பல்கள் வந்து குவிந்த பெருந்துறைமுகத்தைப் பாட வந்த புலவர், செல்வத்தைச் சொன்ன கையோடு அதைச் சேர்த்தவர்களின் நடுநிலையையும் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது.

அத்தகைய வணிகர் மரபிலே வந்த கோவலன் ஆடலிலும் பாடலிலும் மயங்கிச் செல்வம் அனைத்தையும் தொலைத்தான். பின்பு மனந்திருந்தி வீடு திரும்பினான். அப்போது கண்ணகி பழி சொல்லவில்லை. தன் காற்சிலம்பு இருக்கின்றது என்று எடுத்துக் கொடுத்தாள். அச்சிலம்பையே முதலாக வைத்து மதுரைக்குச் சென்று மீண்டும் வியாபாரம் செய்து இழந்ததைத் தேடுவது என்று இருவரும் புறப்பட்டனர். ஆகவே சிலப்பதிகாரம் என்னும் மாகாவியம் நகர்வது ஒரு வியாபாரம் தொடங்குவதற்காகவே. சிலம்பு அங்கே அணிகலன் அன்று, முதல்.

இந்த இடத்திலே அடியவர்கள் சிறிது நிற்றல் வேண்டும். இன்றும் இக்கரையிலே ஒரு கடை திறக்கும்போது, ஒரு தோணி வாங்கும்போது, ஒரு வயலைக் குத்தகைக்கு எடுக்கும்போது முதலாக வருவது எது? பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் காப்பு, சங்கிலி, தாலிக்கொடி. அவை அடகுக் கடைக்குப் போகின்றன, அல்லது விற்கப்படுகின்றன. கண்ணகையின் சிலம்பு ஒரு வீட்டுக் கதையாய் முடியவில்லை. ஒவ்வொரு சிறு வியாபாரத்தின் அடியிலும் யாரோ ஒரு பெண் கழற்றிக் கொடுத்த நகை இருக்கின்றது. கல்லாப் பெட்டிக்கு முன்னால் உட்காருபவன் இதனை நினைவிலே வைத்திருப்பின், அந்தப் பணத்தை மதுவிலும் சூதிலும் விட அவன் கை கூசும். கோவலன் கண்ணகியின் சிலம்பை எடுத்துக்கொண்டு போனபோது அவன் எடுத்துச் சென்றது ஒரு நம்பிக்கையை.

தட்டானும் மாதரியும்

மதுரையிலே அச்சிலம்பு இருவகை மனிதர்களுக்கு நடுவே வருகின்றது. ஒருவன் அரண்மனைப் பொற்கொல்லன். விற்பதற்காக ஒருவன் நம்பிக் காட்டிய பொருள் அது. அவனோ அரசியின் சிலம்பைத் தான் களவு செய்ததை மறைப்பதற்கு, வந்தவனையே கள்வன் என்று காட்டிக் கொடுத்தான். பொருளின் மதிப்பை அறிந்தவன், அந்த அறிவையே வஞ்சனைக்குப் பயன்படுத்தினான். இது ஒரு மனிதன் செய்த குற்றமேயன்றி அத்தொழிலின் குற்றம் அன்று. உழைத்து உரைகல்லிலே உண்மை சொல்லும் பொற்கொல்லர் எக்காலத்திலும் உளர்.

மற்றவர் மாதரி என்னும் இடைக்குல முதுமகள். பாலும் மோரும் கொண்டு பிழைக்கும் எளிய குலம். கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரிக்கு இதிலே ஒரு சதமும் வருமானம் இல்லை. ஆனாலும் கண்ணகிக்குப் புதுவீடு கொடுத்து, சமைக்கப் பாத்திரமும் அரிசியும் காய்கறியும் கொடுத்து, மகளைத் துணைக்கு வைத்தாள். பின்பு கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்தபோது, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தன்னாற் காக்க முடியவில்லையே என்று தீயிலே புகுந்து உயிர் விட்டாள். கவுந்தியடிகளும் உண்ணாதிருந்து உயிர் நீத்தார்.

ஒருவனிடம் பொருளை நம்பிக் காட்டினார்கள். அவன் நம்பிக்கையை விற்றான். ஒருத்தியிடம் ஓர் உயிரை நம்பிக் கொடுத்தார்கள். அவள் தன் பிழை சிறிதும் இல்லாதபோதும் தன்னையே கொடுத்தாள். இருவரும் ஒரே நகரத்திலே தொழில் செய்து வாழ்ந்தவர்களே. வியாபாரம் என்பது என்ன என்ற கேள்விக்கு அன்னையின் சரிதம் தரும் விடை இந்த இருவருக்கும் இடையிலே இருக்கின்றது. பிறர் ஒப்படைத்ததைக் காப்பதே வியாபாரம். வாங்க வருபவர் தம் பணத்தை மட்டும் மேசையிலே வைப்பதில்லை. நிறை சரியாக இருக்கும், பொருள் நல்லதாக இருக்கும், விலை நியாயமாக இருக்கும் என்னும் நம்பிக்கையையும் சேர்த்தே வைக்கின்றார். அது அடைக்கலப் பொருள்.

பாண்டியனும் இவ்வாறே ஓர் அடைக்கலத்தைத் தவறவிட்டவன். விசாரிக்காமல், அளந்து பாராமல் தீர்ப்புச் சொன்னான். கண்ணகி சிலம்பை உடைத்தபோது முத்துக்குப் பதிலாக மாணிக்கப் பரல் தெறித்தது. அவன் தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர் விட்டான். ஒரு பொருளைத் திறந்து பார்க்க வேண்டிய நேரத்திலே பாராததால் ஒரு நகரம் எரிந்தது.

இறைவன் பிடித்த தராசு

சேக்கிழார் சுவாமிகள் பாடிய பெரியபுராணத்திலே வணிகரான நாயன்மார் பலர் உளர். அவருள் அமர்நீதி நாயனார் பழையாறையிலே பொன், மணி, பட்டு முதலியவற்றை விற்று வாழ்ந்தவர். தேடிய பொருளைக் கொண்டு திருநல்லூரிலே மடம் கட்டி, அடியார்களுக்கு அமுதும் உடையும் கோவணமும் கொடுத்து வந்தார்.

ஒருநாள் இறைவன் பிரமசாரி வடிவிலே வந்து, தண்டிலே கட்டியிருந்த கோவணங்களுள் ஒன்றை எடுத்து, “இதனை வைத்திருந்து தருக” என்று ஒப்படைத்தார். வைத்த இடத்தில் இருந்து அக்கோவணம் மறைந்து போயிற்று. நாயனார் நடுங்கினார். அதற்கு ஈடாகப் புதிய கோவணமும் பட்டும் பொன்னும் தருவதாக வேண்டினார். வந்தவரோ, தம்மிடம் இருக்கும் மற்றக் கோவணத்துக்கு நிறை ஒத்ததைத் தந்தாற் போதும் என்றார். தராசு வந்தது. ஒரு தட்டிலே ஒரு கோவணம். மறு தட்டிலே கோவணங்கள், பட்டுக்கள், பொன், மணி, வீட்டிலுள்ள செல்வம் யாவும். தட்டு அசையவில்லை. முடிவிலே மனைவியையும் மகனையும் அழைத்து, திருவைந்தெழுத்தை ஓதி, தாமும் தட்டிலே ஏறினார். அப்போதுதான் தராசு நேர் நின்றது.

இக்கதையைப் பக்திக் கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போவோர் உண்டு. ஒரு வணிகரைச் சோதிக்க வந்த இறைவன் கையிலே எடுத்தது எது என்று நோக்குக. நெருப்பையோ வாளையோ அவர் எடுக்கவில்லை. அந்த வணிகர் நாள்தோறும் கையாண்ட தராசையே எடுத்தார். கேட்டதும் பெரும் பொருள் அன்று. ஒப்படைத்த ஒரு முழத் துணி. அற்பத் துணிதானே என்று நாயனார் வாதாடவில்லை. வைத்தவர் நம்பி வைத்தார். அது தம் காவலிலே போயிற்று. ஆகவே அது தம் கடன் என்று ஏற்றார். இந்த உணர்ச்சியே வணிகனின் மூலதனம்.

திருவள்ளுவ நாயனார் வணிகரைப் பற்றிய குறளை வைத்த இடமும் நோக்கற்பாலது. பொருளைத் தேடும் வழி சொல்லும் ‘பொருள் செயல்வகை’ அதிகாரத்திலே அதனை வைக்கவில்லை. அறத்துப்பாலிலே ‘நடுவுநிலைமை’ அதிகாரத்தின் நிறைவிலே வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகத்துக்கு வாணிகம் என்பது அக்குறளின் கருத்து. அதே அதிகாரத்திலே சான்றோருக்கு உவமையாகத் தராசுக் கோலையும் காட்டினார்.

வண்ணக்கர் என்னும் சொல்

மட்டக்களப்புத் தேசத்து ஆலயங்களிலே பரிபாலனப் பொறுப்பிலே இருப்பவரை ‘வண்ணக்கர்’ என்று அழைக்கும் மரபு உண்டு. ‘வண்ணக்கன்’ என்பதற்குப் பொற்காசின் தரத்தைப் பரிசோதிப்பவன் என்பது பழைய பொருள். சங்கப் புலவர்களுள்ளும் வடம வண்ணக்கன் தாமோதரனார் போன்று அப்பெயருடன் விளங்கியோர் இருந்தனர். காசு நல்லதா, கலப்பா என்று உரைத்துப் பார்த்து உண்மை சொல்பவனின் பெயர், கோயிற் பொருளைக் காப்பவருக்கு வழங்குவது எத்துணைப் பொருத்தம்!

‘நாணயம்’ என்ற சொல்லிலும் இதே பொருத்தம் இருக்கின்றது. அது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். “நாணயமான மனிசன்” என்று ஊரிலே ஒருவரைச் சொன்னால் அவரிடம் காசு நிறைய உண்டு என்று யாரும் பொருள்கொள்வதில்லை. கோயிலைக் காப்பவருக்கும் கடையை நடத்துபவருக்கும் தேவைப்படும் குணம் ஒன்றே. இருவர் கையிலும் இருப்பது பிறர் பொருள். உண்டியலில் விழுந்த காணிக்கையும், கடைக்காரரிடம் முற்பணமாய்க் கொடுத்த காசும், கணக்கு ஒப்புவிக்கும் வரை அடைக்கலமே.

கடையிலே கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது நிறை. தராசுகளையும் படிக்கற்களையும் முத்திரையிடுவித்துப் பாவிக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். ஆனால் முத்திரை தராசுக்கே உண்டு, கைக்கு இல்லை. ஒரு கிலோ பருப்பிலே ஐம்பது கிராம் குறைந்தால் வாங்கியவருக்குத் தெரிவதில்லை. இருபது பேர் வாங்கினால் கடைக்காரருக்கு ஒரு கிலோ மீதம். அந்த ஒரு கிலோ, இருபது வீட்டுப் பிள்ளைகளின் சோற்றில் இருந்து எடுத்தது. அவர்களுள் ஒருவருக்கும் தெரியாது என்பது உண்மையே. தராசு பிடித்து வந்தவருக்குத் தெரியும்.

இரண்டாவது விலை. 2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. மார்ச் மாதத் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்திலே 360 ரூபா வரை சென்றது. பால்மா இல்லை, எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு நாட்கணக்கிலே வரிசை. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத் தடையால் வயலும் இளைத்திருந்தது. ஒரு கடையிலே பத்துப் பால்மாப் பக்கற்றுகள் இருக்கின்றன. நாளைக்கு விலை ஏறும் என்று கடைக்காரருக்குத் தெரியும். கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்து நிற்கின்றார். “இல்லை” என்று சொல்வதா, உள்ளே போய் எடுத்துக் கொடுப்பதா? அந்த ஒரு கணத்திலேதான் அவர் எப்படிப்பட்ட வியாபாரி என்பது தீர்மானமாகின்றது. மீண்டும் கொள்வனவு செய்வதற்கு வேண்டிய அளவுக்கு விலையைக் கூட்டுவது கடையைக் காப்பது. அதனைக் குறை சொல்ல முடியாது. பொருளை ஒளித்து வைத்துப் பிறரின் பசியை விலையாக்குவது வேறு. முன்னது வியாபாரம். பின்னதற்குத் தமிழிலே பதுக்கல் என்று பெயர்.

மூன்றாவது கடன். கிராமத்துக் கடைகளிலே கடன் கொப்பி இல்லாத கடை இல்லை. கடைசி நாள் சம்பளத்தை எதிர்பார்த்தோ, வெள்ளாமை வெட்டை எதிர்பார்த்தோ சாமான் வாங்குபவர் பலர். அக்கொப்பி வெறும் கணக்கு அன்று. ஊரின் ஒற்றுமை எழுதப்பட்டிருக்கும் புத்தகம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது கரையோரக் கடைகளோடு கொப்பிகளும் போயின. எழுத்து அழிந்த பின்பும், “நான் இவ்வளவு தரவேண்டும்” என்று தானாக வந்து சொல்பவர் எவரோ, அவருடைய நாணயத்தை எந்தக் கடலாலும் கொண்டுபோக முடியாது. ஆகவே நாணயம் விற்பவருக்கு மட்டும் உரியது அன்று, வாங்குபவருக்கும் உரியது. சிறுகடையிலே கடனை வைத்துக்கொண்டு, கையிலே காசு வந்ததும் பட்டணத்துப் பெரிய கடைக்குப் போய் வாங்குவதும் ஒருவகை நிறைக் குறைவே.

வட்டிக்குக் கொடுப்போரும் இதனை எண்ண வேண்டும். போரின் பின்பு வடக்குக் கிழக்கிலே நுண்கடன் பரவியது. சுயதொழிலுக்கு என்று வாங்கிய கடனை அடைக்க இன்னொரு கடன், அதனை அடைக்க மற்றொன்று என்று பெண்கள் வாரந்தோறும் கலங்கினர். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018ஆம் ஆண்டிலே அரசாங்கம் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது. கொடுத்தவனும் வாங்கியவளும் இருவருமே நன்றாக வீடு திரும்பினால் அது தொழில். வாங்கியவள் வீட்டிலே அடுப்பு அணைந்து, கொடுத்தவன் வீட்டிலே மட்டும் விளக்கு எரிந்தால், அதற்கு எத்தனை பத்திரம் எழுதினாலும் கண்ணகையின் வழக்கிலே அது நில்லாது.

நான்காவது கூலி. வைகை பெருகியபோது பிட்டு விற்கும் வந்தியம்மைக்குக் கரை அடைக்க ஆளில்லை. சோமசுந்தரப் பெருமானே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேச்சு. அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தது. வந்தி தனக்கு நட்டம் என்று பேச்சை மாற்றவில்லை. சொன்னபடி முழுவதையும் கொடுத்தாள். பின்பு பாண்டியன் பிரம்பு கூலியாள் முதுகிலே பட்டபோது அந்த அடி எல்லோர் முதுகிலும் பட்டது. கூலி கேட்டு வாசலிலே நிற்பவனை நாளை வா என்று அனுப்பும்போது, யாரை அனுப்புகிறோம் என்று யாருக்குத் தெரியும்? ஏழைப் பிட்டுக்காரி காத்த சொல்லைப் பெரிய முதலாளி காக்காதிருக்கலாகாது.

ஐந்தாவது நட்டம். எவ்வளவு நாணயமாக நடந்தாலும் சில வியாபாரம் முறியும். திருவொற்றியூர்க் கலிய நாயனார் எண்ணெய் வணிகராய் இருந்து வறுமையுற்றவர். செல்வம் போனபின் கூலிக்குச் செக்கு ஓட்டியும் திருவிளக்குத் தொண்டை விடவில்லை. இழப்பிலே வெட்கம் இல்லை. கோவலன் முறிந்தபோது கண்ணகி வெறுக்கவில்லை, சிலம்பைக் கொடுத்தாள். ஆகவே ஊரிலே ஒருவர் நொடித்துப் போனால் திண்ணையிலே இருந்து சிரிக்காமல், மீண்டும் எழுவதற்கு ஒரு கை கொடுத்தல் அன்னையின் அடியவருக்கு அழகு.

சந்நிதியிலே வைக்கும் தட்டு

இறுதியாக ஒன்று. ஆலயத் திருவிழாக்களுக்கும் திருப்பணிகளுக்கும் வியாபாரப் பெருமக்கள் அள்ளிக் கொடுக்கின்றனர். வாசலிலே கச்சான் விற்று, கடலை விற்று வாழும் எளியவர் கூடத் தம் அளவிலே காணிக்கை இடுகின்றனர். இவையெல்லாம் போற்றுதற்குரியன. ஆனால் வருடம் முழுவதும் நிறையிலும் தரத்திலும் குறைத்துச் சேர்த்த பணத்திலே ஒரு பங்கைச் சடங்கு நாளிலே கொண்டுவந்து கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று யாரேனும் எண்ணுவாராயின், அவர் அமர்நீதியார் கதையை மீண்டும் கேட்டல் வேண்டும். நேர்வழியிலே தேடிய செல்வமே அந்தத் தட்டை அசைக்கவில்லை என்றால், ஏழையின் படியிலே குறைத்த செல்வம் என்ன செய்யும்? கல்வெட்டிலே பெயர் இருக்கும். தராசு நேராக நிற்காது.

இங்கே எழுந்தருளியிருப்பவள் நீதி கேட்டு அரச சபை ஏறியவள். ஒரு பொய்யான தொழிலாளி, ஒரு விசாரணையற்ற தீர்ப்பு ஆகிய இரண்டாலும் எல்லாவற்றையும் இழந்தவள். குறைந்த நிறையால் வந்த பொன்னை அவள் பாதத்திலே வைத்தால் அவள் மனம் குளிருமா? ஒருவன் நாணயமாக விற்ற கால் கிலோ சீனியும், நேரத்துக்குக் கொடுத்த கூலியும், நினைவு வைத்துத் தீர்த்த கடனும் அவளுக்கு வருடம் முழுவதும் செய்யும் திருக்குளிர்ச்சி ஆகும்.

எனவே வியாபாரம் என்பது பணத்தைப் பெருக்கும் தந்திரம் மட்டும் அன்று. பிறர் நம்பிக் கொடுத்ததைக் காத்து, உரியவரிடம் குறைவின்றிச் சேர்த்து, அதற்குரிய ஊதியத்தை வெளிப்படையாகப் பெற்று வாழும் வாழ்க்கை அது. கடைக்கு முதல் வேண்டும் என்று தேடுவோர் பொன்னையும் காசையும் தேடுவர். அவை வேண்டியவையே. ஆனால் அவற்றுக்கு முன்னே வைக்கப்பட வேண்டிய முதல் ஒன்று உண்டு; அது நாணயம். காசு போனால் நாணயத்தைக் கொண்டு மீண்டும் காசு தேடலாம். நாணயம் போனபின் எவ்வளவு காசு இருந்தும் அதனை வாங்கும் கடை எவ்வூரிலும் இல்லை.

காலையிலே கடை திறந்து விளக்கேற்றும்போது அன்னையை நினைத்து ஒருகணம் தராசின் முள்ளைப் பார்ப்போமாக. அது நேர் நிற்கும் இடமே நம் வீட்டுச் சந்நிதி. எல்லாம் வல்ல சிவபெருமானின் திருவருளும், செட்டிபாளையப் பதியுறை கண்ணகைத் தாயின் கருணையும் விற்போர், வாங்குவோர், உழைப்போர் அனைவருக்கும் கிடைத்து, மழை பொழிந்து, வயல் விளைந்து, கடல் தந்து, ஊர் செழிக்கப் பிரார்த்திப்போமாக.

மேன்மைகொள் நெறி ஓங்குக. சுபம்.